இரண்டாவது விரல்

மரகதவல்லி கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். ஏழு பேரை வரிசையாக உட்காரவைத்து, பலகையில் போட்ட இரண்டு கோடுகளில் எது நீளம் என்று கேட்பாள். ஆறு பேர் அவள் சொல்லிவைத்த ஆட்கள். வேண்டுமென்றே குட்டைக் கோட்டைக் காட்டுவார்கள். விஷயம் தெரியாத ஏழாவது ஆள் கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டு, பல நேரம் அதையே காட்டிவிடுவார்.

ஆற்று வெள்ளம் கொண்டுபோன கணவரைத் தேடிப் பிணவறைக்கு வந்தபோது அவள்தான் கடைசியில் நின்றாள். மேசையில் கிடந்த உடலின் முகம் உப்பிச் சிதைந்திருந்தது. "எம் மவன்தான்" என்று மாமனார் சுவரோடு சரிந்தார். "அண்ணனேதான்" என்றான் கொழுந்தன். நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தலையாட்டினாள். துணிக்கு வெளியே பாதம் தெரிந்தது. கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருந்தது. இடுப்புவலிக்காரக் கணவருக்கு ஞாயிறுதோறும் நகம் வெட்டிவிட்டவள் அவள். அவருக்கு அந்த விரல் குட்டை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் போலீஸ்காரர். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அவர்தான்."

கல்லூரியில் கோட்டுச் சோதனை முடிந்ததும் ஏழாவது ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஜமா உங்க கண்ணுக்கு எது நீளமாத் தெரிஞ்சது?" என்று கேட்காமல் அவள் அனுப்பியதே இல்லை. பத்தாம் நாள் அவள் கால்மெட்டியைக் கழற்ற வந்த பெண்களில் ஒருத்திகூட எதுவும் கேட்கவில்லை. அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா, கொஞ்சம் அழட்டும்" என்றாள் ஒருத்தி.

அவள் அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.