முதல் மீன்

"முதல் மீனை மேலே ஏத்தாதீங்க! அப்படியே தண்ணியில இருக்கட்டும்!" என்று கத்தினார் படகுக்காரர்.

தூண்டிலைப் பிடித்திருந்த ஃபோர்மேன் விழித்தார். மிதந்துகொண்டிருந்த மரக்கட்டைக்குப் பக்கத்தில், பச்சையும் பொன்னுமாக ஒரு பெரிய மீன் துள்ளி விழுந்தது.

"கஷ்டப்பட்டு மாட்டியிருக்கேன், விடச் சொல்றீங்களே?"

"விடச் சொல்லல. தூண்டிலோட கிடக்கட்டும். இது கூட்டமாத்தான் திரியும். ஒண்ணு தண்ணியில துடிச்சிட்டிருந்தா மத்தது அதை விட்டுப் போகாது. ஏத்தினீங்கன்னா அத்தனையும் ஓடிரும்."

பக்கத்தில் நின்றிருந்த பட்டறை முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அவருடைய எஞ்சின் பட்டறையில் இருப்பது ஃபோர்மேனும் மூன்று மெக்கானிக்குகளும்தான். நால்வரையும் எதிர்ப் பட்டறைக்காரர் கூப்பிட்டிருக்கிறார், இன்று மாலை ஆறு மணிக்குள் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் என்று டீக்கடையில் காதில் விழுந்தது. போய்விட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

அதனால்தான் ஞாயிறும் அதுவுமாக இந்தக் கடல் பயணம். கரை மறைந்ததுமே நால்வரின் செல்போனும் செத்துவிட்டது. பின்னால் நான்கு தூண்டில்களைப் போலி இரையோடு விட்டு, படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்ததில், பத்து மணிக்குள் இரண்டு சூரை மீன்கள் மாட்டின. அவற்றை ஏற்றுவதற்குள் ஆளுக்கொரு பக்கம் முதுகு பிடித்துக்கொண்டது.

படகுக்காரர் சொன்னது பலித்தது. ஃபோர்மேனின் மீனைச் சுற்றி இரண்டு, ஐந்து, பத்து என்று கூடின. மெக்கானிக்குகள் இழுத்து இழுத்துப் போட்டார்கள். பெட்டிக்குள் விழுந்த கொஞ்ச நேரத்தில் பொன்னிறம் போய் ஒவ்வொன்றும் சாம்பல் நிறமானது.

"டேய் ஒல்லி, நீ மீனை இழுக்கறியா, மீன் உன்னை இழுக்குதா?"

"முதல்ல என் இடுப்பைப் பிடிங்கண்ணே, அப்புறம் கிண்டல் பண்ணுங்க!"

முதலாளி ஃபோர்மேனிடம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வருஷம் புதுக் கிளை திறக்கறேன். நீதான் மேனேஜர். பசங்ககிட்ட மூச்சு விடாதே."

"சரிங்க முதலாளி."

"நீ இருந்தா அவனுங்களும் இருப்பானுங்க, இல்ல?"

"நான் எங்கே இருக்கேனோ, அங்கேதான் இருப்பானுங்க."

கிளையாவது, மண்ணாங்கட்டியாவது! முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி.

"போதும் சார், பெட்டி நிறைஞ்சாச்சு. திரும்பலாமா?" என்றார் படகுக்காரர்.

"அவசரம் என்னய்யா? இன்னொரு சுத்து சுத்து."

படகு கரையைத் தொட்டபோது ஆறேகால். முதலாளிக்கு உடம்பே லேசாகிவிட்டது.

"மீனை ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்குங்கப்பா! நாளைக்கு ஒன்பது மணிக்கு டாண்ணு வந்துரணும்!"

"நாலு பேருக்கு ஆளுக்குப் பாதியா?" என்று ஒல்லி முனகினான்.

ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து முதலாளியின் கையில் வைத்தார்.

"இவனுங்க மூணு பேரும் நேத்தே அங்கே கையெழுத்துப் போட்டாச்சு, முதலாளி."

"அப்போ... நீ?"

"என்னைப் போன மாசமே பிடிச்சுட்டாங்க. இவனுங்க வந்து சேர்ற வரைக்கும் உங்க பட்டறையிலேயே விட்டு வச்சிருந்தாங்க."