மலையும் பனிப்பூவும்

கேள்வி கேட்டது அவள். டயர்க் கடைக்காரர் பதிலை அவளுடைய கணவரைப் பார்த்துச் சொன்னார்.

மறுபடியும்.

யோகநாதன் தலையை ஆட்டினார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். ஜேர்மனியின் தெருக்களில் அரை ஆயுள் பார்சல் வண்டி ஓட்டியவரின் தலையாட்டல் அது. கடைக்காரருக்கு அது உடனே விளங்கியது. இரண்டு ஆண்களுக்கும் நடுவில் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வானம் தாழ்ந்து சாம்பலாய்க் கிடந்தது. பின்னேரம் பனி கொட்டும் என்று வானொலி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் மலைக்கு மேலே. விடியப்புறம் பஸ் கிடையாது.

பழைய குளிர்கால டயர்கள் காரின் பின்பக்கத்தில் கிடந்தன. நிலவறையிலிருந்து அவரே உருட்டிக்கொண்டு வந்தவை. அவற்றைத்தான் பூட்ட வேண்டும் என்று ஒரு கிழமையாக வாதாடினார். சாப்பாட்டு மேசையில் வாதாடினார். அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றும் வாதாடினார். ஒரு ஒய்ரோ காசை டயரின் பள்ளத்துக்குள் செருகிக் காட்டினார். காசின் பொன்னிற விளிம்பு மறைகிறதா? மறைகிறது. பிறகென்ன?

ஆழம் போதும்தான். அவள் இல்லையென்று சொல்லவில்லை.

குறிதான் இல்லை.

மூன்று முகடுள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. டயரின் பக்கவாட்டில் அது பொறித்திருக்க வேண்டும். முன்பு, சேற்றுக்கும் பனிக்கும் என்று இரண்டு எழுத்து இருந்தால் போதும். இப்போது சட்டம் மாறிவிட்டது. குறியில்லாத டயரோடு பனித்தெருவில் பொலிஸ் மறித்தால், பதில் சொல்ல வேண்டியது ஓட்டுபவர்.

ஓட்டுபவர் அவள்.

ஏப்ரலில் ஒருநாள் சூப்பர்மார்க்கெட் வாசலில் அவருக்கு வலிப்பு வந்தது. நின்ற நிலையிலேயே விழுந்தார். டொக்டர் மாத்திரை எழுதினார். இனிக் கார் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். எதுவரைக்கும் என்று அவர் கேட்டார். டொக்டர் திரும்பவும் மாத்திரையைப் பற்றியே பேசினார்.

அன்றிலிருந்து அவர் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு ஓட்டினார். கியரை மாற்று. சிவப்பு விழப்போகுது. கண்ணாடியைப் பார். வெகுகாலம் அலுமாரிக்குள் கிடந்த அவளுடைய லைசன்சைப் பற்றி, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

போன கிழமை, வேலை முடிந்து இறங்கும்போது, பாலத்துக்குக் கிட்ட, கண்ணுக்குத் தெரியாத உறைபனியில், இன்னும் மாற்றாத கோடைக்கால டயரோடு, கார் பக்கவாட்டாக வழுக்கியது.

மெதுவாகத்தான் வழுக்கியது. ஆற்றோரத் தடுப்புக்கம்பி முன்கண்ணாடி முழுக்க நிறைந்துகொண்டு வந்தது. பிறகு, கார் தானாக நின்றது.

அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பழி டயருக்கு வராது.

கடைக்காரர் இப்போது எல்லாக் காலத்துக்குமான டயர் ஒன்றைக் காட்டினார். இதிலும் மலை இருக்கிறது, பனிப்பூ இருக்கிறது, சட்டத்துக்குப் போதும் என்றார். வருடத்தில் இரண்டு தடவை மாற்றும் வேலையும் மிச்சம். யோகநாதனுக்கு அது பிடித்துவிட்டது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

மலையேற்றத்தில் இது எப்படி என்று அவள் கேட்டாள்.

மலைப்பக்கம் அடிக்கடி போவீர்களா என்று கடைக்காரர் அவரிடம் விசாரித்தார்.

எப்போதாவது போவோம் என்றார் யோகநாதன்.

கிழமையில் ஐந்து நாள் போகிறாள் அவள். இருட்டோடு எழும்பி, தேத்தண்ணீரும் குடிக்காமல்.

அவள் சத்தம் போடவில்லை. தமிழில்தான் சொன்னாள்.

"கார் ஓடுறது நானப்பா. போன கிழமை வழுக்கினதும் நான்தான்."

அவர் திரும்பினார்.

"எங்கை, வதனி?"

"பாலத்தடியிலை."

அவருடைய கைகள் முதுகிலிருந்து அவிழ்ந்தன. அவள் வாதத்துக்குக் காத்திருந்தாள். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வெட்டியிருக்க வேண்டும், பிரேக்கை ஏன் மிதித்தாய். எல்லாவற்றுக்கும் பதிலை ஒரு கிழமையாக அடுக்கி வைத்திருந்தாள்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

கோபம். போகட்டும்.

கடைக்காரர் அவர் போவதைப் பார்த்தார். பேசுவதற்கு வேறு ஆள் இல்லை. அவளைப் பார்த்தார்.

கடுங்குளிரிலும் இறுகாத ரப்பரில், பனிக்காலத்துக்கென்றே செய்த டயரை அவள் கேட்டாள். குறி எங்கே என்று கேட்டு, விரலால் தடவிப் பார்த்தாள். நான்கும் அதே மாதிரி வேண்டும் என்றாள்.

டயர் மாற்றி முடிவதற்குள் பனி தொடங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் தொப்பியில்லாமல் நிற்பது தெரிந்தது. உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

கார் முற்றத்தில் நிற்கிறது, திறப்பு உள்ளே செருகியபடியே இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். அவளிடம்தான் சொன்னார்.

அவள் வெளியே வந்தாள்.

யோகநாதன் ஓட்டுபவர் ஏறும் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை தரம் சொல்வது. டொக்டர் சொல்லி, பிள்ளைகள் சொல்லி, அவள் சொல்லி. வாயைத் திறந்தாள்.

அவர் ஏறவில்லை.

குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். காரை வெளியே கொண்டுவந்து விட்ட வேலைக்காரர் நெடிய ஆள். இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். யோகநாதன் அதை முன்னுக்கு இழுத்தார். திரும்பி, அவளைக் காலிலிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

பிறகு காரைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போனார். ஏறினார். பெல்ட்டை மாட்டினார். தலைமயிரில் பனி கரையாமல் இருந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது.

இத்தனை மாதம் பக்கத்தில் இருந்தும் மனிதருக்கு அளவு தெரியவில்லை.

இருக்கையைப் பின்னுக்குத் தள்ளாமலே அவள் காரை எடுத்தாள்.