நீல ஸ்டாண்ட்ல ஒரு மஞ்சள் கோட்டு

"அந்த மஞ்சளைக் கழட்டுறியா, இல்ல நானே கழட்டட்டுமா?"

"கழட்ட மாட்டேன். எனக்குக் குளிருது."

ஆகஸ்ட் மாசம், மண்டையைப் பிளக்குற வெயில். சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு நின்ன மிர்க்கோவுக்கு, குளிருதுன்னு அந்தம்மா சொன்னதும் இன்னும் ஏறிப்போச்சு. சீசனோட முதல் மேட்ச். கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே பார்க்கிற ஸ்டாண்ட், மேல இருந்து கீழ வரைக்கும் நீலம். அதுக்கு நடுவுல இது மட்டும் பரம எதிரியான பக்கத்து ஊர் டீமோட மஞ்சள்ல, ஒரு மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு வந்து நிக்குது.

ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து விலக்கிவிட்டது எக்கார்ட். முப்பத்தோரு வருஷமா அதே கம்பியில சாஞ்சு நிக்கிற மனுஷன். பொண்டாட்டி பிரிஞ்சு போனதுக்கு அப்புறம், அவரு வாயைத் திறந்து நாலு பேர்கிட்ட பேசுறதே இங்க மட்டும்தான். மத்த நாளெல்லாம் வீட்டுல டிவி பேசும், இவரு கேட்பாரு.

அந்தம்மா பேரு ரோஸ்விட்டா. இவருக்கு அடுத்த இடம். சீசன் டிக்கெட்டுக்கு ஒன்பது வருஷம் வரிசையில காத்திருந்து இப்பதான் கிடைச்சுதுன்னு சொல்லுச்சு. அவ்வளவு காத்திருந்த ஆளுக்கு ஃபுட்பால்ல ஆஃப்சைடுங்கிற விதின்னா என்னன்னே தெரியல. எக்கார்ட் சாசேஜையும் கடுகு டப்பாவையும் கம்பி மேல நகர்த்தி நகர்த்தி ரெண்டு தரம் விளக்கினாரு. நல்லாத் தலையாட்டிட்டு, சாசேஜை வாங்கித் தின்னுடுச்சு.

அதைக் கூட மன்னிச்சிடலாம். எதிராளி கோல் போட்டா அந்தம்மா பண்ற காரியம்தான் யாருக்கும் பொறுக்கல. ஸ்டாண்டே தலையைத் தொங்கப்போட்டு நிக்கும். கீழ இருக்கிற டிவி கேமராக்காரன் அந்த அழுமூஞ்சிகளைப் பிடிக்கிறதுக்குன்னே திரும்புவான். சரியா அந்த நேரம் பார்த்து ரோஸ்விட்டா கையைத் தூக்கி ஆட்டும்.

நாடே பார்க்க நம்ம மானத்தை வாங்குறதுக்குன்னு அந்த ஊர்க்காரன் அனுப்பி வெச்ச ஆளுன்னு மிர்க்கோ சத்தியமே பண்ணினான். அக்டோபர்ல ஒருத்தன் பீரை அந்தம்மா தலையில கொட்டினான். துடைச்சிக்கிட்டு அங்கேயே நின்னுச்சு. பனி கொட்டின பிப்ரவரியிலயும் அதே கோட்டு, முழங்கையில ஒட்டுப் போட்டது.

எக்கார்டுக்கு மட்டும் அந்தம்மாவை வெறுக்க வரல. வெண்ணெய் தடவின ரொட்டியைத் தாள்ல சுத்தி எடுத்துட்டு வந்து பாதி கொடுக்கும். வீட்டுல யாரு இருக்காங்கன்னு ஒரு நாள் கேட்டாரு. "ஒரு ஃபிரிட்ஜ் இருக்கு"ன்னுச்சு. அவரு சிரிச்சிட்டாரு. அப்புறம்தான் தன் வீட்டுலயும் அதுதான இருக்குன்னு நினைச்சுக்கிட்டாரு.

மே மாசம். கடைசி மேட்ச். தோத்தா டீம் ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடும். இந்த ஒரு நாளாவது அந்த மஞ்சள் கண்ணுல படக் கூடாதுன்னு மிர்க்கோ செக்யூரிட்டிகிட்ட போய் எழுதியே கொடுத்துட்டான். எதிரி நிறத்துல இந்த ஸ்டாண்டுக்கு வரக் கூடாதுன்னு விதியே இருக்கு. இத்தனை நாள் யாரும் கண்டுக்கல, அவ்வளவுதான்.

விஷயம் தெரிஞ்சதும் எக்கார்ட் புதுசா ஒரு நீல மழைக்கோட்டு வாங்கி, ஒரு மணிக்கே கேட்ல வந்து நின்னுட்டாரு. ரோஸ்விட்டா டிராம்ல இருந்து இறங்கி வந்துச்சு. அதே மஞ்சள். செக்யூரிட்டி குறுக்க கையை நீட்டினான்.

இவரு நீலக் கோட்டைப் பிரிச்சுக் காட்டினாரு. ரோஸ்விட்டா அதைத் தடவிப் பார்த்துச்சு, அழகா இருக்குன்னுச்சு. அப்புறம் மடிச்சு அவரு கையிலயே கொடுத்துட்டு, தன்னோட சீசன் டிக்கெட்டையும் அது மேல வெச்சுது.

"நீங்க போங்க எக்கார்ட். இதைக் கழட்டிட்டு நான் உள்ள போய் என்ன பண்ணப் போறேன்?"

எக்கார்டுக்குக் கோவம் வந்துச்சு. ஒன்பது வருஷம் காத்திருந்துட்டு, ஒரு கிழிஞ்ச கோட்டுக்காகத் திரும்பிப் போறியாம்மான்னு கத்தினாரு. பின்னாடி வந்த மிர்க்கோ அதானே பார்த்தேன்னு சிரிச்சான்.

ரோஸ்விட்டா மேல் பட்டனை மாட்டிக்கிட்டே, யாரையும் பார்க்காம பேசுச்சு.

"என் பையன் ஹென்னிங் என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு. எந்த ஊர்ல இருக்கான்னு கூடத் தெரியாது. ஆனா எங்க இருந்தாலும் டிவியில இந்த டீம் மேட்சைப் பார்க்காம இருக்க மாட்டான். சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வரும்போது, அத்தனை கூட்டத்துலயும் இந்த மஞ்சளைப் பார்த்துத்தான் என்கிட்ட ஓடி வருவான்."

மிர்க்கோவோட சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு.

"நானும் நீலத்துல நின்னா, அவன் என்னை எப்படிக் கண்டுபிடிப்பான்?"

(அந்த கேட்ல எக்கார்ட் இடத்துல நீங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ரெண்டு வரி எழுதுங்க.)