கைநாட்டுப் பட்டியல்

மூடிப்போன நூற்பாலை எனக்குத் தர வேண்டியிருந்த தொகை பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அது வந்தால் ஒழுகும் வீட்டுக்குத் தகரக் கூரை போடலாம். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பட்டியலையும் ஆலை மூடிய நாளின் பட்டியலையும் குமாஸ்தா கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இருநூறு பேர் ஒத்துப்போனார்கள். என் பெயர் மட்டும் சிவந்து நின்றது.

"அன்னக்கொடியக்கா, பழசுல கைநாட்டுன்னு இருக்கு, புதுசுல கையெழுத்துன்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுன்னு இது ஒத்துக்க மாட்டேங்குது."

"நாப்பத்தாறு வயசுல எழுதப் படிச்சேன் தம்பி. அது ஒரு குத்தமா?"

"யாருக்கா குத்தம்னா? இதுல ஒரு கைநாட்டு வெச்சிருங்க. பணம் இன்னிக்கே ஏறிடும்." மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

சாப்பாட்டு இடைவேளைகளில் பஞ்சுப் பொதி மேல் சாக்பீஸால் எழுதி எழுதி அழித்து, என் பெயர் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது.

மைப்பெட்டியை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். "உங்க கட்டை விரலையே வெச்சுக்கங்க. ஒரு விரல்தானே வேணும் அதுக்கு?"

"அப்ப பணம் வேணாமா?"

"இப்படி வேணாம்."

பெருமூச்சு விட்டபடி, என் தொகைக்கு எதிரே 'உரிமை கோரவில்லை' என்று தட்டினார். சிவப்பு போய்விட்டது. பிறகு ஒரு தாளைப் பேனாவோடு நீட்டினார்.

"வேணாம்னு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா."

"இதுக்கு மட்டும் கையெழுத்து போதுமா?"

"போதும்."

தாள் கிழியக் கிழிய அழுத்தி எழுதினேன்.