நிலாவிலும் ஒரு கிலோ

“இது அநியாயம் டீச்சர்!”

மூக்கையா எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

கெலிஓயாப் பாடசாலையில் விஞ்ஞான தினம். பெற்றோருக்கான வினாவிடைப் போட்டியில் கடைசிக் கேள்வி. அதுவரை மூக்கையாவும் தபால் கந்தோர் டொரதி மிஸ்ஸும் சமம்.

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டு, கூடை சுமந்து, தெருவில் கூவி விற்று, டவுனில் மரக்கறிக் கடை போட்டவர் மூக்கையா. பேரம் பேசி அவரை மடக்கியவர் யாருமில்லை. ஆனால் போட்டிக்குப் பேர் கொடுத்ததும் பக்கத்துக் கடைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே கடை சாத்திய கையோடு ஃபோனில் விஞ்ஞான வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். கல்லாவுக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில், வெற்றிக் கிண்ணத்துக்கு இடத்தையும் துடைத்து வைத்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது.

“மின்னல் தெரிஞ்ச பிறகுதான் இடி கேட்குது. ஏன்?” என்றார் றலியா டீச்சர்.

“வெளிச்சம் எக்ஸ்பிரஸ் கோச்சி, டீச்சர். சத்தம் சாமான் கோச்சி!”

கைதட்டல்.

“நுவரெலியாவுல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், பருப்பு மட்டும் லேசுல வேகாது. ஏன்?”

“மேல போகப் போக காத்தோட அழுத்தம் கொறையுது. கொறஞ்ச சூட்டுலயே தண்ணி கொதிச்சிரும். ஆர்ப்பாட்டம் கூட, சூடு கம்மி. பருப்பு ஏமாறுமா?”

மகள் சுகிர்தா முன்வரிசையில் துள்ளியே விட்டாள்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “ஒரு பொருளை நிலாவுக்குக் கொண்டு போனாலும் மாறாம இருக்கிறது எது?”

மணியை முதலில் அடித்தவர் மூக்கையா. “நிறை!”

“பிழை. டொரதி மிஸ்?”

“திணிவு.”

“சரி! திணிவு மாறாது. நிறைதான் மாறும்.”

அதற்குத்தான் கதிரை விழுந்தது.

“நிறையைப் பத்தி எனக்கா சொல்றீங்க? விடிஞ்சதுலருந்து நிறுத்துப் போடுறவன் நான்! இந்தியாவுல ஒரு வாத்தியாரு போர்டுல எழுதியே போட்டிருக்காரு. நிறை மாறாது, எடைதான் மாறும்னு. இந்தா, பாருங்க!” ஃபோனை நீட்டினார்.

டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஓ, இதுவா? நாங்க திணிவுன்னு சொல்றதை அங்க நிறைங்கிறாங்க. நாங்க நிறைங்கிறதை எடைங்கிறாங்க. சங்கதி ஒண்ணுதான். பேரு மட்டும் கடல் தாண்டினா மாறிடுது.”

“அப்ப நான் சொன்னது சரியா, பிழையா? ஒண்ணைச் சொல்லுங்க. பாதி சரிங்கிற பேச்சே வேணாம்.”

“அவருக்கே குடுத்துடுங்க டீச்சர்,” என்றார் டொரதி மிஸ். “இல்லாட்டி நம்ம யாரையும் வீட்டுக்குப் போக விடமாட்டார்.”

மேடையிலிருந்த பாடசாலை அதிபரும் தலையசைத்தார். டீச்சர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

மூக்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! நிறை மாறாது! கண்டியில வச்சாலும், கொழும்புல வச்சாலும், நிலாவுலயே வச்சாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான். மாறும்னு எவனாச்சும் சொன்னா என் கடைக்கு வரச் சொல்லுங்க!”

பின்வரிசையில் பாலாம்பிகை எழுந்தாள். அவர் கடையின் வாடிக்கைக்காரி.

“நான் தெனமும் வந்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு சந்தேகம்ண்ணே.”

“கேளும்மா, கேளு! தைரியமாக் கேளு!”

“நிலாவுக்குப் போனாலும் மாறாத நிறை, ஒங்க கடையிலருந்து பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வர்றதுக்குள்ள எப்பிடிண்ணே கொறையுது? நீங்க குடுத்த ஒரு கிலோ போஞ்சியை வீட்டுத் தராசுல வச்சா முக்காக் கிலோதானே காட்டுது?”

“கரட்டும் அப்பிடித்தான்!” என்றது இன்னொரு குரல்.

“எனக்கு உருளைக்கிழங்கு!”

மூக்கையா கிண்ணத்தைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். முக்கால்வாசிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். சுகிர்தா இப்போது துள்ளவில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து, விழுந்து கிடந்த கதிரையை மெதுவாக நிமிர்த்தி வைத்தார்.

“டீச்சர், கிண்ணத்தை டொரதி மிஸ்ஸுக்கே குடுத்துடுங்க.”

“ஏன்? இவ்வளவு நேரம் சண்டை பிடிச்சீங்களே!”

“வீடியோவுல ஆயிரம் சொல்லுவான் டீச்சர். நம்ம புத்தகத்துல உள்ளதுதான் சரி,” என்றார் மூக்கையா, பின்வரிசைக்கும் கேட்கும்படி. “நிறை எடத்துக்கு எடம் மாறத்தான் செய்யும்!”