துடைத்து வைத்த கால்

ஞானமுத்துவின் பாதப் புண்ணில் பூசியிருந்த நீலப் பசை மறுபடியும் காணாமல் போயிருந்தது. கிருமியைக் கொல்லும் பெப்டைடு என்ற சிறு புரதங்களைக் கண்ணுக்குத் தெரியாத நானோ உறைகளுக்குள் அடைத்து மருத்துவர் வடிவாம்பாள் உருவாக்கிய பசை அது. உறைகள் திறந்து மருந்து வெளிவர இரண்டு நாளாகும். அதுவரை தொடக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் புண் ஆறத் தொடங்காவிட்டால் பாதத்தை எடுத்துவிடுவார்கள்.

"யாரு தொடச்சது?"

"நான்தாம்மா," என்றார் ஞானமுத்துவின் மனைவி ரெஜினா. "நீங்க வாற நேரத்துல பிசுபிசுன்னு காலை நீட்டிக்கிட்டு இருந்தா மரியாதையாவா இருக்கும்?"

"மரியாதை இருக்கும்மா. காலுதான் இருக்காது."

"கோவப்படாதீகம்மா. இன்னொருக்கா பூசி விடுங்க. நாளைக்கு நீங்க வாறதுக்குள்ள சுத்தமா வச்சிருக்கேன்."

வடிவாம்பாள் குனிந்தார். மூன்று நாளாக யாரும் அள்ளாத குப்பைக் கூடையைக் கட்டிலடியிலிருந்து இழுத்தார். சீழில் ஊறிய பஞ்சுகள் நாறின. அடியில் கிடந்தது, மூன்று நாளுக்கு முன் ரெஜினா முதல்முறை சீழோடு சேர்த்துத் துடைத்தெறிந்த நீலப் பஞ்சு. அதை இடுக்கியால் எடுத்து முகர்ந்தார். பிறகு ரெஜினாவின் மூக்கருகே நீட்டினார்.

அதில் மட்டும் நாற்றமே இல்லை.