பதினொரு குமிழ்கள்

மார்லிஸ் முதலில் சிவப்பு வால்வைத் திறந்தாள்.

கராஜின் மூலையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவளை நிறுத்தியிருந்தார்கள். அவள் முன்னால் இரண்டு சின்ன சிலிண்டர்கள். சிவப்பு வால்வு உள்ளதில் கன ஹைட்ரஜன். நீல வால்வு உள்ளதில் சாதாரண ஹைட்ரஜன். எதை முதலில் திறக்கிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியவேண்டும். சோதனையின் விதி அது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் வெர்லின் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

முப்பது வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவர். கால்பந்து அளவுக்கு ஓர் எஃகு உருண்டை செய்து, உள்ளே கம்பிவலை கட்டி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூரியனுக்குள் நடப்பதை இந்த ஒஹையோ கராஜில் நடத்திக் காட்டுகிறேன் என்று மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறார். அதிலிருந்து ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாது. அணுவும் அணுவும் ஒட்டினால் நியூட்ரான் வரும். அவ்வளவுதான். வந்தால், இதே பைத்தியம் பிடித்தவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் பெயர் ஏறும்.

அந்தப் பட்டியலில் ஏற்கனவே இருக்கும் ஒரின், சாட்சியாக இருப்பதற்காக இண்டியானாவிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான்.

உருண்டைக்குள் ஊதா வெளிச்சம் எழும்பியதைச் சின்னத் திரையில் பார்த்தார்கள். பத்து நிமிடம் ஓடவிட்டார்கள்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு, உருண்டையின் பக்கத்தில் வைத்திருந்த கண்ணாடிக் குழலை வெர்லின் எடுத்தார். அதற்குள் கெட்டியான ஜெல்லி. நியூட்ரான் பட்டால் அதில் குமிழ் விழும்.

பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

"இப்பவே ஆடாத," என்றான் ஒரின். "இன்னொண்ணையும் பாத்துருவோம்."

குழலின் திருகை இறுக்கிக் குமிழ்களைப் போக்கிவிட்டு, இரண்டாம் முறை ஓட்டினார்கள். மார்லிஸ் நீல வால்வைத் திறந்தாள். பத்தாவது நிமிடம் உள்ளே பட்டென்று ஒரு சத்தம். வெளிச்சம் அணைந்தது. வலையைத் தாங்கிய பீங்கான் விரிசல் விட்டுவிட்டது.

குழலில் ஒரு குமிழ்கூட இல்லை.

வெர்லின் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"சொல்லு மார்லிஸ். முதல்ல எது?"

அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"நீலம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்கு நிறம் தெரியாதா? முதல்ல நீலம், அப்புறம் சிவப்பு."

சாதாரண வாயுவில் நியூட்ரான் வராது. அப்படியென்றால் அந்தப் பதினொன்றும் பொய்க் குமிழ்கள். உண்மையில் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

வெர்லின் குழலை மேசைமேல் வைத்தார். அவர் தோள் இறங்கியதை மார்லிஸ் பார்த்தாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

பிறகு அவர் எழுந்து ஸ்பேனரைத் தேடினார். "குழலை ரொம்பக் கிட்ட வெச்சுட்டேன். சூட்டுல குமிழ் விட்டிருக்கு," என்றார் யாரிடமும் இல்லாமல். "வலையையும் மாத்தணும். இது பத்தாது."

மதியச் சாப்பாட்டுக்கு பீன்ஸ் சூப். வெர்லின் ஒரு கையால் குடித்துக்கொண்டே மறு கையால் காகிதத்தில் புது வலையை வரைந்தார். ஒரின் சூப்பைவிட மார்லிஸின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தான்.

கிளம்பும்போது அவனை வழியனுப்ப அவள் வண்டிவரை போனாள். எதிர் வயலில் சோளம் அறுக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"நான் உக்காந்திருந்த எடத்துலேந்து உன் கை தெரிஞ்சுது," என்றான் ஒரின். "முதல்ல தொறந்தது சிவப்பு."

அவள் தலையசைத்தாள்.

"மூணு வருஷம், மார்லிஸ்! அவன் ஜெயிச்சுட்டான். அத அவன்கிட்ட சொல்லாம விடறது பாவம் இல்லையா?"

"பாவந்தான்."

"அப்புறம் ஏன்?"

மார்லிஸ் கராஜ் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அவனுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிருச்சு. வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரியில ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும், இல்லன்னா உயிர் நிக்காது. உங்க யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டான். கராஜ்ல இருக்கற மெஷின் ஒரே ஒரு தடவ வேல செய்யிற வரைக்கும் ஊசிக்கு வரேன், அதுக்கு மறுநாள்லேந்து வரமாட்டேன், யாரும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்திருக்கான் இந்த மனுஷன்."

ஒரின் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான். திறக்கவில்லை.

பிறகு திரும்பிக் கராஜ் வாசல்வரை நடந்தான்.

"வெர்லின்! அந்தப் பீங்கானை அவசரப்பட்டு மாத்தாத. நானே செஞ்சு கொண்டாறேன். வசந்தம் வரைக்கும் ஆகும்."

"ஆகட்டும்," என்றார் வெர்லின் உள்ளிருந்து.

"அடுத்த தடவையும் வால்வுகிட்ட மார்லிஸையே நிறுத்து."

"அவள விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"